கறுப்புக் கோட்டுக்காக அண்ணல் நடந்த தூரம்

சிலைகளில் நாம் பார்க்கும் அம்பேத்கர் நீலக் கோட்டு அணிந்திருக்கிறார். ஒரு கையில் புத்தகம். இன்னொரு கை முன்னே நீண்டு வழி காட்டுகிறது. ஆனால் அவர் உழைத்துச் சம்பாதித்துக் குடும்பம் நடத்தியது கறுப்புக் கோட்டில். அரசியல் சட்டத்தை உருவாக்கியவர் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கட்சிக்காரர் வந்து சேராத புதுவக்கீலாக அவர் காத்திருந்த நாள்களைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

சட்டக் கல்லூரியில் படித்து முடித்து, பார் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டு, எந்த சீனியரிடம் போய்ச் சேர்வது என்று தெரியாமல் நிற்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இன்று நம் காலனிகளில் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து, இந்த வாரம் அண்ணலின் வாழ்க்கையை வக்கீல் தொழிலின் பக்கமாக நின்று பார்ப்போம். அந்தத் தொழிலின் உச்சத்தில் அவர் கையில் எடுத்தது குடும்பச் சட்டம் என்பதையும், அதற்காகவே பதவியை விட்டு வெளியேறினார் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

சுபேதார் வீட்டுப் பிள்ளை

1891 ஏப்ரல் 14 அன்று, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில், ராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதியின் 14ஆவது பிள்ளையாகப் பிறந்தார் பீமாராவ். பூர்வீகம் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே கிராமம். மகர் சாதி. அப்பா ராணுவத்தில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடம் நம்மவர்களுக்குக் கதவடைத்திருந்த அந்தக் காலத்தில், படைக்குடியிருப்பில் சிப்பாய்களின் குடும்பத்துக்கு எழுத்துக் கிடைத்தது. அண்ணலின் படிப்புக்கு முதல் படி அதுதான்.

அப்பா ஓய்வு பெற்றபின் குடும்பம் சாத்தாராவுக்கு வந்தது. சில ஆண்டுகளில் அம்மா இறந்தார். பிள்ளைகளை வளர்த்தவர் அத்தை மீராபாய். பள்ளியில் பீமாராவ் உட்கார வீட்டிலிருந்து ஒரு சாக்கு கொண்டுபோக வேண்டும். மற்ற பிள்ளைகள் அந்தச் சாக்கைத் தொடமாட்டார்கள். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

1901இல் வேலையாக வெளியூரில் இருந்த அப்பாவைப் பார்க்கச் சிறுவர்கள் ரயிலேறிப் போனார்கள். நல்ல உடுப்பில் வந்த பிள்ளைகளை அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், சாதி தெரிந்ததும் விலகிப் போனார். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டிக்காரன் தரையில் நடந்து வர, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். கையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுக்க வழியில் ஆள் இல்லை. பத்து வயதில் பட்ட இந்தத் தாகத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பின்னாளில் தன் கைப்பட எழுதியும் வைத்தார். வக்கீலாக அவர் நடத்திய பெரிய வழக்கும் தண்ணீர் வழக்காகவே அமைந்தது.

பம்பாயிலிருந்து நியூயார்க்

குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அவர் சமூகத்தில் அது அன்று பெரிய செய்தி. பாராட்டுக் கூட்டம் நடந்தது. அங்கே வந்திருந்த ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாகக் கொடுத்தார். மேற்படிப்புக்குப் பணம் இல்லாமல் தவித்தபோது பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துப் போனவரும் அவரே. மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பி.ஏ. பட்டம்.

1913 பிப்ரவரியில் அப்பா இறந்தார். அதே ஆண்டு பரோடா அரசின் உதவித்தொகையோடு அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் பொருளாதாரமும் சமூகவியலும் படித்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். இதுவரை சட்டம் அவர் படிப்பில் இல்லை. பொருளாதாரம் படித்துப் பேராசிரியராகி நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1916இல் லண்டன் போனபோது ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் சேர்ந்தார். ஒன்று லண்டன் பொருளாதாரப் பள்ளி. மற்றொன்று பாரிஸ்டர் படிப்புக்கான கிரேஸ் இன்.

லண்டனில் பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் நான்கு சட்ட விடுதிகளில் ஒன்றில் சேர வேண்டும். தேர்வு எழுதினால் மட்டும் போதாது. தவணைதோறும் அந்த விடுதியின் பெரிய கூடத்தில் மற்ற மாணவர்களோடும் வக்கீல்களோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்து சாப்பிட்டிருக்க வேண்டும். இது அந்தத் தொழிலின் பழைய விதி. சாத்தாராவில் குழாயைத் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளைக்கு, லண்டனில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது பட்டம் பெறுவதற்கான நிபந்தனையாக இருந்தது.

படிப்பை நிறுத்திய கடன்

அந்தப் படிப்பு ஓராண்டில் நின்றது. உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டனில் அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டார். உலகப்போர் நடந்த நேரம். தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் கடலில் மூழ்கின.

ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலைக்குப் போனார். கொலம்பியாவில் படித்துவந்த அதிகாரிக்கு அந்த ஊரில் தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்து தடிகளோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். நகரத்தில் இந்து நண்பரும் கிறிஸ்தவ நண்பரும் வீட்டில் இடம் தரத் தயங்கினார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்து அழுதுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார்.

பம்பாயில் பங்குச் சந்தை ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் ஆசிரியர்களின் பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. அவர் வேலையை விடவில்லை. சிக்கனமாக வாழ்ந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும், நண்பர் நவல் பத்தேனா கொடுத்த கடனும் சேர்ந்தன. 1920இல் மறுபடி லண்டன். விட்ட இடத்திலிருந்து இரண்டு படிப்பையும் எடுத்தார். 1921இல் எம்.எஸ்சி.; 1922இல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர்; 1923இல் டி.எஸ்சி.

இந்த ஆண்டுகளில் பம்பாயில் குடும்பத்தைத் தாங்கியவர் ரமாபாய். ஐந்து பிள்ளைகள் பிறந்ததில் யஷ்வந்த் ஒருவர்தான் வளர்ந்து ஆளானார். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926இல் இறந்தான். அண்ணலின் பட்டங்களை எண்ணும்போது, ரமாபாய் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ப்ரீஃப் தராத சொலிசிட்டர்கள்

1923இல் பம்பாய் திரும்பியபோது அவரிடம் வெளிநாட்டுப் பட்டங்கள் இருந்தன. வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்துக்குப் பணம் இல்லை. அதற்கும் நவல் பத்தேனாவே கைகொடுத்தார். அந்த ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார்.

அந்த நீதிமன்றத்தின் அன்றைய நடைமுறையைத் தெரிந்துகொண்டால்தான் அவருக்கு நேர்ந்தது புரியும். அசல் வழக்குகள் நடக்கும் பிரிவில் கட்சிக்காரர் நேராக பாரிஸ்டரிடம் போகமுடியாது. சொலிசிட்டர் என்ற இடைநிலை வக்கீல்தான் வழக்கை எடுத்து, தமக்குப் பிடித்த பாரிஸ்டரிடம் கொடுப்பார். பெரிய வியாபார வழக்குகளும் பெரிய பணமும் அந்தப் பிரிவில்தான். சொலிசிட்டர் நிறுவனங்கள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு ப்ரீஃப் கொடுக்கவில்லை. எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. வழக்கு மட்டும் வரவில்லை. இந்த வகை ஒதுக்கல் நம் காலத்துப் பிள்ளைகளுக்கும் புதிதல்ல.

எனவே அவர் மேல்முறையீட்டுப் பிரிவுக்கும், வெளியூர்க் கோர்ட்டுகளுக்கும் போனார். ஏழைகளின் வழக்கு, விவசாயிகளின் வழக்கு, தாணாவிலும் ரத்னகிரியிலும் நடக்கும் சில்லறை வழக்கு. வருமானம் போதவில்லை. 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் நடத்தினார். வக்கீல் தொழிலும் ஆசிரியர் தொழிலும் சேர்ந்துதான் வீடு நடந்தது. இந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் 1924இல் ஒதுக்கப்பட்டோர் நலச் சங்கமான பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். பரேல் தாமோதர் ஹாலில் அவர் வைத்திருந்த அலுவலகத்துக்கு வந்தவர்களில் பணம் கொடுக்க முடியாதவர்களே அதிகம்.

1926இல் பெயர் வெளியே தெரிந்தது. பார்ப்பனரல்லாத இயக்கத்தின் ஜெதே, ஜவள்கர், பாக்டே ஆகியோர்மீது ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக புனேயில் அவதூறு வழக்கு நடந்தது. அவர்கள் பக்கம் வாதாடி வென்றார். 1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியர். 1935இல் அதே கல்லூரியின் முதல்வர். சொலிசிட்டர்கள் ப்ரீஃப் கொடுக்க மறுத்த மனிதரிடம் அடுத்த தலைமுறை வக்கீல்கள் பாடம் படித்தார்கள்.

தோற்ற வழக்குகளும் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு, பாலியல் கல்வி பற்றிப் பத்திரிகை நடத்திய ஆர்.டி. கார்வே மீது ஆபாச வழக்குப் போட்டபோது, 1934இல் அவருக்காக வாதாடினார். தீர்ப்பு எதிராகவே வந்தது. பெண்ணின் உடலைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்றிருந்த நாளில், அந்தக் கட்சிக்காரரை ஏற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை.

பத்தாண்டு நடந்த தண்ணீர் வழக்கு

மகாட் சவுதார் குளத்தைப் பற்றி நமக்குத் தெரியும். 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோர் அண்ணலோடு போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதன் பின்னால் நடந்த வழக்கைப் பலர் கவனிப்பதில்லை. டிசம்பர் 12ஆம் தேதி ஊர்ச் சாதி இந்துக்கள் அம்பேத்கர் மீதும் அவருடைய தோழர்கள் மீதும் உரிமையியல் வழக்குப் போட்டார்கள். குளம் தங்களுக்குச் சொந்தம், தீண்டத்தகாதவர்களை விலக்குவது பழைய வழக்கம் என்பது அவர்கள் வாதம். இரண்டே நாளில் தடையாணை வாங்கினார்கள்.

அந்த டிசம்பரில் இரண்டாம் மாநாட்டுக்குத் திரண்ட கூட்டம் மறுபடி குளத்தில் இறங்கத் தயாராக இருந்தது. 25ஆம் தேதி மனுஸ்மிருதியை எரித்தார்கள். ஆனால் குளத்தில் இறங்குவதை அண்ணல் நிறுத்தினார். தடையாணையை மீறினால் வழக்கு கெட்டுவிடும் என்று வக்கீலுக்குத் தெரியும். மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலமாக வந்து, தண்ணீரைத் தொடாமல் திரும்பினார்கள். தலைவராக அவருக்கு அது எளிய முடிவல்ல.

1931இல் மகாட் நீதிமன்றத் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. எதிர்த்தரப்பு விடவில்லை. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றமும் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளியது. காலங்காலமாக இருந்த வழக்கம் என்று சொன்னதை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு. வழக்கம் என்று சொல்லி வருகிறவனிடம் அதை நிரூபி என்று கேட்கலாம் என்ற பாடத்தை அந்தத் தீர்ப்பு நமக்குத் தந்தது.

குடும்பத்துக்குள் போன சட்டம்

1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரானார். அரசியல் சட்டப் பணியோடு கூடவே இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவும் அவர் மேசையில் இருந்தது. அன்றைய நிலையில் இந்து ஆண் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் கட்டலாம். ஒருசில மாகாணங்களில் மட்டுமே தடை. மனைவிக்கு மணமுறிவு கேட்கப் பொதுச் சட்டம் இல்லை. கணவன் சொத்து விதவை கைக்கு வந்தாலும், அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. மகள் இருக்க மகனுக்கே சொத்து. இதற்கெல்லாம் மதத்தின் பெயர் வைத்திருந்தார்கள்.

பி.என். ராவ் குழு தயாரித்த வரைவை அண்ணல் எடுத்துச் செப்பனிட்டார். 1948 ஏப்ரல் 9 அன்று மசோதா தேர்வுக் குழுவுக்குப் போனது. ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, டெல்லியில் டாக்டர் சாரதா கபீரை அவர் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ரமாபாய் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. மணமகள் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர், மருத்துவர். சாதி பார்க்காத திருமணத்தைச் சட்டமாக்க நின்றவர், தன் வீட்டிலும் அதையே செய்தார்.

மசோதாவில் இருந்தவை நான்கு பெரிய விஷயங்கள். ஒருவனுக்கு ஒருத்தி, கணவன் மனைவி இருவருக்கும் மணமுறிவு உரிமை, பெண்ணுக்கு வந்த சொத்து முழுக்க அவளுடையது, தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு. முதல் வரைவில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி என்றிருந்த மகளின் பங்கு, தேர்வுக் குழுவில் சமபங்காக உயர்ந்தது. எதிர்ப்பும் அங்கே கொதித்தது. குடும்பம் உடையும் என்றார்கள். அவர் பிறந்த சாதியைச் சுட்டி, இந்துச் சட்டத்தைத் தொட இவர் யார் என்றும் கேட்டார்கள். மணமுறிவு இந்துக்களுக்கு அந்நியம் என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் நம் கவனத்துக்குரியது. உழைக்கும் சாதிகளில் மணமுறிவும் மறுமணமும் வழக்கமாகவே இருக்கின்றன. மேல்சாதிச் சிறுபான்மையின் வழக்கத்தை எல்லோர் தலையிலும் சட்டமாக ஏன் வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நம் சேரிகளில் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு மறுமணம் செய்த நம் பாட்டிகளை நினைத்தால் அந்த வாதத்தின் பலம் தெரியும்.

மூன்றாண்டுகள் மசோதா இழுபட்டது. திருமணம், மணமுறிவுப் பகுதியை மட்டுமாவது நிறைவேற்றலாம் என்று 1951 செப்டம்பரில் எடுத்தார்கள். நான்கு பிரிவுகள் தேறியதும் அதையும் கைவிட்டார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி அண்ணல் ராஜினாமா கடிதம் கொடுத்தார். பட்டியல் சாதியினரை அரசு கவனிக்காதது, வெளியுறவுக் கொள்கை என்று வேறு காரணங்களும் சொன்னார். இந்தச் சட்டம் கைவிடப்பட்டதே கடைசி அடி. அடுத்த ஆண்டு தேர்தலில் வட பம்பாய்த் தொகுதியில் தோற்றார்.

அந்த மசோதா பிறகு நான்கு துண்டாக வந்தது. 1955இல் இந்துத் திருமணச் சட்டம்; 1956இல் வாரிசுரிமைச் சட்டம், காப்பாளர் சட்டம், தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். கடைசிச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1956 டிசம்பர் 21. டிசம்பர் 6ஆம் தேதியே அண்ணல் கண்ணை மூடியிருந்தார். மகளுக்குத் தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் பங்கு வந்தது. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகனுக்குள்ள பிறப்புரிமை வரவில்லை. தமிழ்நாட்டில் அது 1989இல் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

நம் கையில் இருப்பது

ஊர்த்தெருக்காரர்களிடம் உரிமை கேட்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணுக்குப் பங்கு கொடுத்திருக்கிறோமா? தகப்பன் பெயரில் உள்ள வீட்டுமனைப் பட்டாவும், போராடி மீட்ட பஞ்சமி நிலமும் மகன்கள் பெயருக்கு மட்டும் மாறுவது நம் காலனிகளிலும் நடக்கிறது. சீர் செய்துவிட்டோம் என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. அண்ணல் பதவியை விட்டது இந்தப் பங்குக்காகத்தான் என்பதை ஜெயந்தி மேடையில் பேசுவதோடு, பாகப்பிரிவினை எழுதும் நாளிலும் நினைக்க வேண்டும். பௌத்தத்துக்கு மாறிய குடும்பங்களுக்கும் இதே வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும்.

வழக்குப் போடப் பணம் இல்லை என்று எந்தப் பெண்ணும் திரும்பிப் போக வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

கறுப்புக் கோட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. பதிவுக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிய அண்ணலின் நிலை உங்களுக்கு வேண்டியதில்லை. வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் பார் கவுன்சில்கள் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொண்டு போங்கள். பதிவான பிறகு சீனியர் கிடைப்பது வேறு போராட்டம். அதில் நம் சமூகத்து மூத்த வக்கீல்களுக்குப் பொறுப்பு உண்டு. உங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலியைக் காலனியிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒதுக்குங்கள்; பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. அண்ணலுக்கு நவல் பத்தேனா என்ற ஒரு நண்பர் கிடைத்தார். நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நாம்தான் இருக்க வேண்டும்.